ஒரு நிமிடத்தில் 50 லட்சம் கண்ணிகள்… தெரியுமா?

நீங்கள் போட்டிருக்கும் பனியன் நெய்யப்பட்டதே இல்லை, தெரியுமா? தறி, பாவு, ஊடை எதுவுமே அதில் கிடையாது! வேட்டி நெய்தது, சேலை நெய்தது, சட்டைத்துணியும் நெய்ததுதான். பனியனும் டி-ஷர்ட்டும் பின்னியவை. ஊட்டிக் குளிரில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு பாட்டிமார் ஸ்வெட்டர் பின்னுகிறார்களே, கண்ணிக்குள் கண்ணியை நுழைத்து இழுக்கிற அதே வேலைதான் பனியனிலும் நடந்திருக்கிறது. நம்ப முடியவில்லையா? ஒரு பழைய பனியனை லேசாக இழுத்துப் பிடித்துப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். ஆங்கில ‘வி’ எழுத்தை வரிசை வரிசையாக அடுக்கினாற்போல் கண்ணிகள் தெரியும்.

அந்தக் கண்ணிகள் எந்த வேகத்தில் விழுகின்றன தெரியுமா? திருப்பூர் நிட்டிங் கம்பெனிகளில் ஓடுகிற வட்டப் பின்னல் மெஷின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 30 அங்குல டயா, 24 கேஜ். கேஜ் என்றால் வட்ட விளிம்பில் அங்குலத்துக்கு எத்தனை ஊசி என்ற கணக்கு. ஆக மொத்தம் சுமார் 2,260 ஊசிகள்! சுற்றிலும் 90 கோன்களிலிருந்து நூல் இறங்குகிறது. மெஷின் ஒருமுறை சுற்றி வந்தால் ஒவ்வோர் ஊசியும் 90 கண்ணி போட்டுவிடும். நிமிடத்துக்கு 25 சுற்று என்று வைத்துக்கொண்டு பெருக்கிப் பாருங்கள். 50 லட்சத்தைத் தாண்டும்! ஒரே நிமிடத்தில்!

கையால் பின்னுவதில் கின்னஸ் சாதனை எவ்வளவு? நெதர்லாந்துக்காரர் மிரியம் டெகல்ஸ் 2006இல் ஒரு நிமிடத்தில் போட்ட 118 கண்ணி. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவுகளைச் சேர்ந்த ஹேசல் டிண்டால் 3 நிமிடத்தில் 262 போட்டுப் பேர் வாங்கியவர். என் வேகத்தைக் கேட்காதீர்கள். மாமியார் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, “ஏம்மா, கடையில போய் ஒண்ணு வாங்கிட்டு வந்தா முடிஞ்சுது, இந்தச் சென்னை வெயில்ல உனக்கு எதுக்கும்மா கம்பளி?” என்று கேட்கிற அளவுக்குத்தான் அந்த வேகம்.

50 லட்சத்தோடு 118 மல்லுக்கட்ட முடியுமா? இந்தச் சண்டைக்கு வயது நானூறு ஆண்டுக்கு மேல்! இங்கிலாந்தின் நாட்டிங்காம்ஷயரில் வில்லியம் லீ என்பவர் 1589இல் காலுறை பின்னும் இயந்திரம் செய்தார். காதலித்த பெண் எந்நேரமும் பின்னல் ஊசியைப் பார்த்துக்கொண்டு தன்னைப் பார்க்காமலே இருந்ததால் வந்த ஆத்திரம் என்று ஒரு கதை உண்டு. ஏழை எளியவர்கள் கைப்பின்னலை நம்பிப் பிழைக்கிறார்கள், அவர்கள் வயிற்றில் அடிக்காதே என்று முதலாம் எலிசபெத் ராணி காப்புரிமை மறுத்தார் என்றும் சொல்வார்கள். லீ பிரான்சுக்குப் போய், அங்கேயே கண்ணை மூடினார். இயந்திரம் மட்டும் ஊர் திரும்பிவிட்டது. 1811இல் அதே நாட்டிங்காம்ஷயரில் தொழிலாளர்கள் சம்மட்டியோடு புகுந்து பின்னல் இயந்திரங்களை நொறுக்கினார்கள். லுட்டைட்டுகள் என்று வரலாற்றில் படிக்கிறோமே, அவர்கள்தான். முதலில் உடைபட்டது காலுறை பின்னும் சட்டகம்! உடைத்தவனுக்குத் தூக்கு என்று 1812இல் சட்டமே வந்தது. அந்த மசோதாவை எதிர்த்துப் பிரபுக்கள் சபையில் தன் முதல் பேச்சைப் பேசியவர் யார் தெரியுமா? கவிஞர் பைரன்!

சரி, என் ஊசிகளில் இப்போது என்னென்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். கனடாவில் படிக்கும் அண்ணன் மகனுக்கு ஒரு ஜோடி காலுறை. ஒன்று முடிந்துவிட்டது, இன்னொன்று குதிகாலில் நிற்கிறது. ஒரு சன்னப் பின்னல் சால்வை, பாதி. ஒரு ஸ்வெட்டர், உடம்பு முடிந்து கைகள் இரண்டும் பாக்கி. மூன்றுமே நிதானமாகத்தான் நகர்கின்றன. காரணம் சோம்பல் இல்லை. ஒவ்வொன்றையும் கையில் எடுத்தால் ஏதாவது ஓர் அதிசயம் கண்ணில் படுகிறது, ஊசியை வைத்துவிட்டுப் படிக்க உட்கார்ந்துவிடுகிறேன்.

காலுறையையே பாருங்கள். பாதத்தில் போடுகிற சாதாரணப் பொருள். அதற்குள் எத்தனை கண்ணி தெரியுமா? ஒரு சுற்றுக்கு 64 கண்ணி, அங்குலத்துக்குப் பதினோரு சுற்று, காலும் பாதமுமாகப் பதினாறு அங்குலம். ஒரு காலுக்கு மட்டும் பதினோராயிரத்துக்கு மேல்! குதிகால் கணக்கு தனி. அந்தக் குதிகால்தான் காலுறையின் வித்தையே. குழாய் மாதிரி நேராக வந்துகொண்டிருக்கிற பின்னல், வெட்டும் இல்லாமல் தையலும் இல்லாமல் சட்டென்று வலப்பக்கம் திரும்பும் தெருவைப்போல் மடங்கி, பாதமாக மாறிவிடும். பாதி வரிசையில் நின்று திரும்பி, மீண்டும் பாதியில் நின்று திரும்பி… இவ்வளவுதான் ரகசியம். இதை முதன்முதலாகக் கண்டுபிடித்தவருக்கு எங்கும் சிலை இல்லை!

காலுறை எவ்வளவு பழையது? எகிப்தின் ஆக்ஸிரிங்கஸில் தோண்டி எடுத்த சிவப்புக் கம்பளிக் காலுறைகள் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சுமார் 1,600 ஆண்டுப் பழசு. கட்டைவிரலுக்குத் தனி அறை, மற்ற நான்கு விரலுக்கும் சேர்த்து ஓர் அறை. ஏன்? செருப்பு வார் நுழைய! காலுறையோடு செருப்பு போடுவதைக் கேலி செய்கிறவர்கள் கவனிக்க. இதில் ஒரு திருப்பம். பார்த்தால் அச்சு அசல் பின்னல் மாதிரியே இருக்கும் இவை இரண்டு ஊசியால் பின்னியவையே அல்ல! கண் உள்ள ஒற்றை ஊசியில் துண்டு நூலைக் கோத்துக் கண்ணி கண்ணியாகத் தைத்தவை. அது வேறு வித்தை, இன்னும் பழசு. இரண்டு ஊசிப் பின்னலில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சான்றுகளும் எகிப்தில்தான். இஸ்லாமிய ஆட்சிக் காலத்துப் பருத்திக் காலுறைகள், நீலமும் வெள்ளையுமாக. கம்பளி இல்லை, பருத்தி!

அதே எகிப்தில் கிடைத்த குழந்தைக் காலுறை ஒன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சுமார் கி.பி. 300ஆம் ஆண்டைச் சேர்ந்தது, கோடு கோடாகப் பல வண்ணம். 2018இல் அதைத் தொடாமல், நறுக்காமல், விதவிதமான ஒளியில் படம் எடுத்து ஆராய்ந்தார்கள். அத்தனை வண்ணமும் வெறும் மூன்று செடிகளிலிருந்து! சிவப்புக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று, மஞ்சளுக்கு ஒன்று. மற்றவை எல்லாம் கலவை. பிள்ளையின் காலுறைக்கு ஆயிரத்து எழுநூறு ஆண்டுக்கு முன் இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்கள்.

இன்றைய காலுறை நூலுக்கு வருவோம். பெரும்பாலும் 75 சதவீதம் கம்பளி, 25 சதவீதம் நைலான். 100 கிராம் பந்தில் 400 மீட்டர். கம்பளி கால் வியர்வையைக் குடித்துக்கொள்ளும், நைலான் குதிகால் தேயாமல் காக்கும். நுனிவிரல் பக்கம் மூடும்போது தையல் தடிப்பே தெரியாமல் இரண்டு வரிசைக் கண்ணிகளை ஊசி நூலால் ஒட்டவைக்கும் முறை ஒன்று உண்டு. அதற்குக் கிச்னர் தையல் என்று பெயர். முதல் உலகப்போரின்போது பதுங்குகுழிச் சகதியில் நின்ற சிப்பாய்களுக்கு ஊரே உட்கார்ந்து காலுறை பின்னியது. அப்போது போர் அமைச்சராக இருந்த கிச்னர் பிரபுவின் பேரில் இந்தத் தையல் பரவியது என்பார்கள். 1902 முதல் 1909 வரை இந்தியப் படைத் தலைமைத் தளபதியாக இருந்தாரே, வைஸ்ராய் கர்சனோடு முட்டிக்கொண்டவர், அவரேதான்!

இப்போது சால்வை. ஷெட்லாந்தின் வடகோடித் தீவான அன்ஸ்டில் பின்னிய மெல்லிய சால்வையைக் கல்யாண மோதிரத்துக்குள் நுழைத்து மறுபக்கம் உருவிவிடலாம், தெரியுமா? ஆளையே போர்த்தும் அகலமான சால்வை! ரஷ்யாவின் ஓரன்பர்க்கிலும் இதே பந்தயம் உண்டு. அங்கே ஆட்டின் உள்மயிரை மெல்லிய பட்டு இழையோடு முறுக்கி நூலாக்குகிறார்கள். என் சால்வை மோதிரத்தில் நுழையாது. வளையலில் வேண்டுமானால் நுழையலாம்.

சன்னப் பின்னலில் தெரியும் ஓட்டைகள் எப்படி வருகின்றன? வெட்டுவதே இல்லை! ஊசியில் நூலை ஒருமுறை சும்மா சுற்றினால் அந்த இடத்தில் ஒரு கண்ணி கூடும், கீழே ஒரு துளை விழும். கூடியதை ஈடுகட்ட, பக்கத்தில் இரண்டு கண்ணியைச் சேர்த்து ஒன்றாக்க வேண்டும். ஒன்று கூட்டி ஒன்று குறைத்து… இலை, அலை, வலை எல்லாமே இந்த வரவு செலவுதான். ஒரு கண்ணி நழுவினால் போச்சு! ஆகவே ஒரு யோசனை: பத்து வரிசைக்கு ஒருமுறை, ஊசியில் இருக்கும் கண்ணிகள் எல்லாவற்றின் வழியாகவும் வேறு நிறத் தையல் நூல் ஒன்றைக் கோத்து அப்படியே விட்டுவிடுங்கள். பிறகு எங்கே தப்பு நடந்தாலும் அந்த நூல் வரை பிரிக்கலாம், அதற்குக் கீழே ஒரு கண்ணியும் இறங்காது. முடித்ததும் சால்வையை நனைத்து, இழுத்து, ஊசி குத்திக் காயவைக்க வேண்டும். சுருண்டு கிடந்த பின்னல் கண்ணெதிரே விரிந்து பெரிதாகும்!

ஸ்வெட்டர் பின்னுகிறவர்கள் கத்திரிக்கோலால் அதை நடுவில் நறுக்குவார்கள், தெரியுமா? படிக்கும்போதே வயிற்றைக் கலக்குகிறதா? ஷெட்லாந்தில் பலவண்ணப் பின்னலைக் கழுத்து வரை குழாயாகவே பின்னிக்கொண்டு போவார்கள். முன்பக்கம் திறப்பு வேண்டுமா? நேராக ஒரே வெட்டு! கைகளுக்கும் அப்படியே. பிரியாதா? பிரியாது. அந்த ஊர் ஆட்டு மயிரில் உள்ள நுண்ணிய செதில்கள் ஒன்றையொன்று கவ்விப் பிடித்துக்கொள்ளும். 1922இல் அன்றைய வேல்ஸ் இளவரசர், பிறகு எட்டாம் எட்வர்ட் ஆனவர், ஃபேர் ஐல் தீவின் பலவண்ண ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு செயின்ட் ஆண்ட்ரூஸில் கோல்ஃப் ஆட வந்தார். அவ்வளவுதான், உலகமே அந்த ஸ்வெட்டர் கேட்டது.

ஒரு புகழ்பெற்ற கதையை இங்கே உடைத்துவிடலாம். அயர்லாந்தின் அரான் தீவு மீனவர்களில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனிப் பின்னல் உண்டாம், கடலில் மூழ்கிய உடல் கரை ஒதுங்கினால் ஸ்வெட்டரைப் பார்த்து இன்ன வீட்டுப் பிள்ளை என்று கண்டுபிடிப்பார்களாம். நம்பாதீர்கள்! ஜே.எம். சிங் எழுதி 1904இல் மேடையேறிய நாடகம் ஒன்றில், மூழ்கிய அண்ணனைத் தங்கை ஒரு காலுறையின் கண்ணிகளை எண்ணி அடையாளம் காண்கிறாள். அந்தக் காலுறைதான் வியாபாரிகள் வாயில் வளர்ந்து குடும்ப ஸ்வெட்டர் ஆகிவிட்டது. கதை பொய், ஸ்வெட்டர் அழகு. எனக்கு அது போதும்.

ஸ்வெட்டர் என்றால் ஆடு. நியூசிலாந்தில் ஷ்ரெக் என்றொரு மெரினோ இனச் செம்மறிக் கிடா, முடி வெட்டுகிறவர்களுக்குப் பயந்து குகைகளில் ஆறு வருடம் ஒளிந்து வாழ்ந்தது! 2004இல் பிடிபட்டது. நாடே தொலைக்காட்சியில் பார்க்க, வெட்டி எடுத்த கம்பளி 27 கிலோ. சாதாரண மெரினோவிடம் வருடத்துக்கு நாலைந்து கிலோதான் கிடைக்கும். 2015இல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவுக்கு அருகே கண்டெடுத்த கிறிஸ் என்ற ஆடு அதையும் முறியடித்தது. 40 கிலோவுக்கு மேல்! பாவம், அந்தப் பாரத்தோடு அது எப்படி நடந்ததோ.

தமிழ்நாட்டில் கம்பளி ஆடு உண்டா? உண்டு! நீலகிரி ஆடு. கோயம்புத்தூர் நாட்டு ஆட்டோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத் டவுன் ஆகிய சீமை இனங்கள் கலந்து உருவானது. தென்னிந்தியாவிலேயே உருவாகி மெல்லிய கம்பளி தரும் இனம் என்று சொல்ல இது ஒன்றுதான். எண்ணிக்கை குறைந்துகொண்டே போகிறது. நீலகிரியில் உள்ள சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் வளர்க்கிறார்கள். கொடைக்கானல் போகிறவர்கள் மன்னவனூர் புல்வெளியில் ஆடுகளோடு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அது மத்திய செம்மறி ஆடு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் என்பதும், அங்கே மேய்வது பாரத் மெரினோ என்பதும் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆனால் குளிர்காலத்தில் நம் ஊர்த் தெருவோரங்களில் திபெத்தியர்கள் விற்கிற ஸ்வெட்டர்கள் பெரும்பாலும் லூதியானாவில் மெஷினில் பின்னியவை.

கம்பளி, தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் ஈரத்தைக் குடித்தபின்னும் தொட்டால் ஈரம் தெரியாது, தெரியுமா? குடிக்கும்போதே கொஞ்சம் சூடும் தரும்! இன்னொன்று கேளுங்கள். கம்பளியைக் கழுவும்போது ஆட்டின் மெழுகு தனியாகப் பிரிகிறது. லானோலின். அதிலிருந்து எடுக்கும் ஒரு பொருளின் மேல் புறஊதாக் கதிரைப் பாய்ச்சித்தான், கடையில் விற்கும் வைட்டமின் டி3இல் பெரும்பகுதி தயாராகிறது. நீங்கள் மென்று சாப்பிடும் மாத்திரை ஓர் ஆட்டின் முதுகிலிருந்து புறப்பட்டிருக்கலாம்!

நூல் வாங்கும்போது என் அபிப்பிராயங்கள் சில. சண்டைக்கு வராதீர்கள். நம் ஊரில் ‘உல்லன் நூல்’ என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் அக்ரிலிக். ஆட்டுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை! கேவலம் என்று சொல்லமாட்டேன். விலை மலிவு, நிறம் ஏராளம், பழகுகிறவர்களுக்கு அதைவிட நல்லது கிடையாது. ஆனால் நெருப்புப் பட்டால் உருகி ஒட்டும். குழந்தைக்குப் பின்னுகிறவர்கள் அதை மனதில் வைக்க வேண்டும். உண்மையான கம்பளியா என்று அறிய ஒரு துண்டு நூலைக் கிடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். தலைமுடி கருகும் நாற்றம் வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி. காகிதம் எரியும் வாசனை வந்தால் பருத்தி. உருகிக் கெட்டியான மணி போல் உறைந்தால் அக்ரிலிக். சென்னை வாசிகளுக்கு என் ஓட்டு பருத்திக்கே. ஆனால் பருத்திக்கு இழுபட்டபின் பழையபடி சுருங்கும் குணம் கிடையாது, கனமும் அதிகம். பருத்தி ஸ்வெட்டர் ஒரு மாதத்தில் முழங்காலை எட்டிப் பார்க்கும். மூங்கில் நூல் பளபளப்பைக் கண்டு மயங்குகிறவர்கள் அதன் வழுக்கலையும் சேர்த்தே வாங்குகிறார்கள்.

பருத்தி நூலுக்கு நம்பர் ஏற ஏற நூல் சன்னமாகும், தெரியுமா? 840 கெஜம் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டம் நிற்கிறதோ அதுதான் நம்பர். பனியனுக்கு ஓடும் 30ஆம் நம்பர் நூல் ஒரு கிலோவைப் பிரித்து நீட்டினால் 50 கிலோமீட்டர். திருப்பூர் ஸ்டேஷனில் ஒரு முனையைக் கட்டினால் மறுமுனை கோயம்புத்தூர் ஜங்ஷனைத் தொடும்!

லேபிளில் லாட் நம்பர் என்று ஒன்று இருக்கும். அதைத்தான் எல்லாரும் பார்க்காமல் விடுகிறார்கள். ஒரே நிறம், ஒரே கம்பெனி, ஆனால் வேறு நாள் சாயத்தொட்டி என்றால் ஸ்வெட்டரின் நடுவில் ஒரு கோடு விழும். பகலில் தெரியும், கடை வெளிச்சத்தில் தெரியாது. கையால் சாயம் போடும் நூலில் இது இன்னும் அதிகம். அவுரித் தொட்டியிலிருந்து நூலைத் தூக்கும்போது அது நீலமாகவே இருக்காது! மஞ்சள் கலந்த பச்சையாக வரும். காற்றுப் பட்டுக் கண்ணெதிரே நீலமாக மாறும். திண்டிவனம் பக்கம் இன்றும் அவுரி பயிராகிறது. லாட் விஷயத்துக்கே வருவோம்: எப்போதும் ஒரே லாட்டில் ஒரு பந்து கூடுதலாக வாங்குங்கள்.

நூலாகாத பொருளே இல்லை போலிருக்கிறது. பாலில் நூல்! 1930களில் இத்தாலியில் பால் புரதத்திலிருந்து லானிட்டால் என்ற இழை செய்தார்கள். சிப்பியில் நூல்! சார்டினியாவில் பெரிய கடல் சிப்பி ஒன்று பாறையைப் பிடித்துக்கொள்ள விடும் இழைகளை நூற்றுக் கடல்பட்டு ஆக்கினார்கள், பொன்னாக மின்னும். அந்தச் சிப்பி இப்போது அழிவின் விளிம்பில். ஆண்டீஸ் மலையின் விக்குன்யாவைப் பிடித்து, கம்பளியை மட்டும் கத்தரித்துவிட்டு, உயிரோடு ஓட விடுகிறார்கள். ஒரு மிருகத்திடம் கிடைப்பது கால் கிலோ அளவுதான். இன்கா காலத்தில் அரச குடும்பம் மட்டுமே உடுத்தியது. நாயில் நூல்கூட உண்டு! வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் சேலிஷ் மக்கள் கம்பளிக்காகவே ஒரு நாய் இனத்தை வளர்த்தார்கள். அது அழிந்தேபோனது. 1859இல் செத்த மட்டன் என்ற நாயின் தோல் ஸ்மித்சோனியனில் கிடந்தது. 2023இல் அதன் மரபணுவைப் படித்தபோது, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வேறு நாய்களோடு கலக்காமல் காப்பாற்றி வைத்திருந்தார்கள் என்று தெரிந்தது. ஆமாம், நாயின் பெயர் மட்டன்!

பின்னல் பெண்பிள்ளை வேலை என்கிறவர்களுக்கு: பெருவில் டிட்டிகாக்கா ஏரியின் டக்கீலே தீவில் ஆண்கள்தான் பின்னுகிறார்கள். யுனெஸ்கோ 2005இல் அந்தக் கலையை அங்கீகரித்தது. பிரான்சின் லாந்த் பகுதி மேய்ப்பர்கள் பொய்க்காலில் நின்றபடி ஆடு மேய்த்துக்கொண்டே பின்னினார்கள். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய நீச்சல் குதிப்பு வீரர் டாம் டேலி, பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தார். பதக்கத்துக்கு ஒரு பையும் பின்னிவிட்டார்!

உளவு வேலை? அதுவும் உண்டு. நாஜி ஆக்கிரமிப்பில் இருந்த நார்மண்டியில் பாராசூட்டில் குதித்தார் பிரிட்டிஷ் உளவாளி ஃபிலிஸ் லாட்டூர். சோப்பு விற்கும் சிறுமி வேடம். ரகசியக் குறியீடுகளை எழுதிய பட்டுத் துணியைப் பின்னல் ஊசியில் சுற்றி, அதைத் தலைமுடி கட்டும் நாடாவுக்குள் செருகி வைத்திருந்தார். சோதனை செய்தவர்கள் நாடாவைக் காட்டச் சொன்னபோது அவிழ்த்து முடியை உதறிக் காட்டினாராம். 135 செய்திகள் லண்டனுக்குப் போயின. பல பத்தாண்டுகள் தன் பிள்ளைகளிடம்கூட அவர் மூச்சு விடவில்லை! 2023இல் 102ஆம் வயதில் காலமானார்.

பின்னல் இன்னும் எதற்கெல்லாம் உதவும்? ஜெர்மனியின் மியூனிக் பக்கம் ஓர் அம்மா, தினமும் ரயில் எவ்வளவு தாமதம் என்பதை 2018 முழுக்க ஒரு மப்ளரில் பின்னினார். ஐந்து நிமிடத்துக்குள் என்றால் சாம்பல் நிறம், அரைமணி வரை இளஞ்சிவப்பு, அதற்கு மேல் சிவப்பு. ஏலத்தில் 7,550 யூரோவுக்குப் போனது, பணம் தொண்டு நிறுவனத்துக்கு. ஆஸ்திரேலியாவின் பிலிப் தீவில் கடலில் எண்ணெய் கொட்டி நனைந்த குட்டைப் பெங்குவின்கள், அலகால் இறகைக் கோதி எண்ணெயை விழுங்கிவிடாமலிருக்க அவற்றுக்கு ஸ்வெட்டர் போட்டார்கள். 2001இல் பாதிக்கப்பட்ட 438 பெங்குவின்களில் 96 சதவீதம் பிழைத்துக் கடலுக்குத் திரும்பின! உலகெங்கிலுமிருந்து ஸ்வெட்டர் குவிந்து, மிச்சத்தை இப்போது பொம்மைப் பெங்குவின்களுக்குப் போட்டு விற்கிறார்கள்.

மெஷின் தோற்கும் இடம் ஒன்று சொல்லட்டுமா? குரோஷா! ஒற்றைக் கொக்கி ஊசி வேலை. கடையில் குரோஷா என்று விற்பதைப் பாருங்கள்: ஒன்று யாரோ கையால் போட்டது, இல்லையென்றால் பின்னல் மெஷின் காட்டும் ஜாடை. கார்னல் பல்கலைக்கழகக் கணித அறிஞர் டைனா டைமினா 1997இல், காகிதத்தில் செய்தால் கிழிந்துபோகும் மீவளையத் தளம் என்ற வடிவத்தைக் குரோஷாவில் போட்டு மாணவர்கள் கையில் கொடுத்துவிட்டார். சில கண்ணிக்கு ஒருமுறை ஒரு கண்ணி கூட்டிக்கொண்டே போவது, அவ்வளவுதான் சூத்திரம். கடல் பவளத்தின் மடிப்பும் அதே வடிவம்!

பழைய பனியனைக் கிழித்துத் துடைக்கும் துணி ஆக்கும்போது ஓரம் சுருண்டுகொள்கிறதே, கவனித்திருக்கிறீர்களா? கண்ணியின் முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றுபோல் இல்லாததால் வரும் இழுப்பு அது. நூல் அவ்வளவாக நீளாது, ஆனால் அதே நூலில் பின்னிய துணி நீளும். எப்படி? இந்த ஒரு கேள்வியை ஆராய அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கில் எலிசபெத்தா மட்சுமோட்டோ என்ற இயற்பியலாளரும் அவரது குழுவும் உட்கார்ந்திருக்கிறார்கள். நமக்கு அதில் ஓர் இலவச லாபம்: பழைய டி-ஷர்ட்டை இரண்டு விரல் அகலத்தில் சுற்றிச் சுற்றி ஒரே நாடாவாக நறுக்கி இழுங்கள். ஓரம் சுருண்டு தானே உருண்டை நூலாகிவிடும். தடித்த ஊசி இருந்தால் மிதியடி பின்னலாம். பின்னல் பழக நினைப்பவர்கள் காசு செலவழிக்காமல் அங்கிருந்து தொடங்குங்கள்.

இந்த மூட்டையில் முதல் பரிசு எதற்கு என்று கேட்டால் எனக்கு யோசனையே வேண்டாம். பொலிவியாவின் லா பாஸ், கடல்மட்டத்திலிருந்து 3,600 மீட்டர் உயரம். ஆக்சிஜன் குறைந்த அந்த உயரத்தில், பிறந்ததும் மூடிக்கொள்ள வேண்டிய ஒரு ரத்தக் குழாய் இதயத்துக்குப் பக்கத்தில் மூடாமலே நின்றுவிடும் குழந்தைகள் அதிகம். டாக்டர் ஃபிரான்ஸ் ஃபிராய்டென்டால் அதை அடைக்க ஒரு சிறிய கருவியை வடிவமைத்தார். நிக்கலும் டைட்டானியமும் கலந்த, மடக்கினாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பும் ஒற்றைக் கம்பியால் பின்னிய கருவி. மெல்லிய குழாய்க்குள் அடைத்து ரத்தநாளம் வழியாக அனுப்பினால் போய்ச் சேர்ந்த இடத்தில் விரிந்து அடைத்துக்கொள்ளும். நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை! அவ்வளவு நுணுக்கமான பின்னலை மெஷினில் மொத்தமாகச் செய்வது கடினம் என்று கண்டு, தலைமுறை தலைமுறையாக ஸ்வெட்டரும் தொப்பியும் பின்னிவந்த ஐமாரா இனப் பெண்களிடம் கம்பியைக் கொடுத்தார்கள். அந்தப் பெண்கள் கையால் பின்னிய கருவிகள் குழந்தைகளின் உயிரைக் காப்பாற்றி வருகின்றன.